ப்ளிடா வார்டின் மௌனம்

பண்பாடு மனிதனை ஆட்டுவிக்கிறதா, மனிதன் பண்பாட்டை ஆட்டுவிக்கிறானா? உளவியலில் இது பழைய சண்டை. ஒரு வார்டுக்குள் இது எப்படி நடந்தது என்று பார்க்கலாம்.

1953 நவம்பரில் ஃப்ரான்ஸ் ஃபனான் அல்ஜீரியாவின் ப்ளிடா மனநோய் மருத்துவமனைக்கு வருகிறார். மார்த்தினிக் தீவின் கறுப்பர்; வயது 28. அங்கே கோலோச்சியது அந்துவான் போரோவின் அல்ஜியர்ஸ் மரபு. வடஆப்பிரிக்க முஸ்லிமின் மூளை அமைப்பே வேறு, அவனிடம் இருப்பது சிந்தனையல்ல, வெறும் உந்துதல் என்பது அதன் 'விஞ்ஞானம்'.

ஃபனான் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்கள், 220 முஸ்லிம் ஆண்கள். பிரான்சில் தோஸ்கெல்லிடம் கற்ற சமூகச் சிகிச்சையை இருபக்கமும் கொண்டுவந்தார்: கூட்டம், விழா, பத்திரிகை, சினிமா, கைவேலை. பெண்கள் வார்டு விரைவிலேயே உயிர்பெற்றது. ஆண்கள் வார்டில் ஒண்ணும் நடக்கலை. கூட்டத்தில் யாரும் வாய்திறக்கவில்லை. கூடை முடையச் சொன்னால் ஆர்வமில்லை. போரோ கோஷ்டிக்கு இது போதும், 'அப்பவே சொன்னோமே' என்பதற்கு.

ஃபனானும் சக மருத்துவர் அசூலேயும் 1954இல் எழுதிய கட்டுரையில் தோல்வியைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை எதுக்கு? கூடை முடைவது அவர்கள் கண்ணில் பெண்கள் வேலை. ஃபனானுக்கு அரபி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேச்சு. அப்படி ஒருவரை அவர்கள் ஏற்கெனவே பார்த்த இடங்கள் கோர்ட்டும் அரசு அலுவலகமும். ஐரோப்பியனுக்குத் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டப் பார்த்தோம் என்று புரிந்தது. பிறகு காபிக்கடை வந்தது. முஸ்லிம் பண்டிகைகளும் கதைசொல்லியும் வந்தார்கள். கையில் மண்வெட்டி வந்தது. வார்டு அசைந்தது.

'பண்பாட்டுக்கேற்ற சிகிச்சை' என்று இதைச் சுருக்கிவிட்டால் போச்சு. போரோ 'மூளை' என்ற இடத்தில் நாம் 'பண்பாடு' என்று எழுதிவைப்போம், சிறை அதேதான். 1956இல் ஃபனானும் ஜெரோனிமியும் முஸ்லிம் பெண்களுக்குப் படம் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். ஐரோப்பிய வாழ்க்கையின் படங்களுக்கு முன்னால் தடுமாறினார்கள். வெற்று அட்டையைக் கொடுத்தபோது கதை பெருகியது. கற்பனை இல்லாதவர்கள் அல்ல அவர்கள். அடுத்தவன் வரைந்த சட்டகத்துக்குள் அதற்கு இடமில்லை. பண்பாடு அவர்கள் கையிலிருந்த பாஷை, அவ்வளவுதான். எதைப் பேசுவது, எப்போது பேசாமலிருப்பது என்பது அவர்களுடையது. அந்த மௌனத்தையும் நான் ஒரு செயல் என்றே வாசிக்கிறேன்.

ஆனால் மருத்துவமனைக்குள் காபிக்கடை வைத்து காலனியத்தைக் குணப்படுத்த முடியாது. 1954 நவம்பரில் விடுதலைப்போர் மூண்டது. சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனை அந்தச் சூழலோடு இசைந்துபோகச் செய்வது வைத்தியமாகாது என்ற முடிவோடு 1956இல் ஃபனான் ராஜினாமா செய்தார். 1957 ஜனவரியில் அல்ஜீரியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

மக்களிடம் போகிற நாம், அவர்கள் பேசாதபோது 'விழிப்புணர்வு இல்லை' என்று குறித்துக்கொள்கிறோம். நம் கையில் இருப்பது யார் வரைந்த படம் என்று முதலில் பார்ப்பது நல்லது.