முருகை வளர்ப்பது மீன் வளர்ப்பது போல அல்ல

யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? கல்லில் சிறு கிண்ணங்கள் போலவும் மூளை மடிப்புகள் போலவும் அடையாளங்கள் தெரியும். ஒவ்வொரு கிண்ணமும் ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஒரு பொலிப்பின் வீடு. ஷெல்லடியில் உடைந்த துண்டுகளில் அது இன்னும் தெளிவு. முருகைக்கல்லைக் கட்டியது ஒரு விலங்கு.

வெளிநாட்டில் இருக்கும் என் மச்சான் அந்த விலங்கைத்தான் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார். அவருடையது யூஃபிலியா இனம்; சதைப்பிடிப்பான நீண்ட விரல்கள் போன்ற உணர்கொம்புகள் நீரில் ஆடும். பெரிய பொலிப் கொண்ட முருகைகள் என்ற வகைக்குள் இதுவும் மூளை முருகைகளும் அடங்கும். முதல் வாங்கியதை அவர் இரண்டே மாதத்தில் இழந்தார். காரணம் அவசரம். புதிய தொட்டியின் நீர் நிலைப்பட மாதக்கணக்கில் எடுக்கும். அதற்கு முன் முருகையை விடக்கூடாது.

நாட்டில் இருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இங்கு கடலில் இருந்து உயிர் முருகையை எடுப்பது சட்டப்படி குற்றம். வெளிநாடுகளிலும் கல் முருகைகள் எல்லாம் சைட்டீஸ் உடன்படிக்கைக்குள் வருகின்றன. எல்லை தாண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டை வாங்குவதே நல்லது.

இனி நீர். வெப்பநிலை 25, 26 பாகை செல்சியஸ். உப்பின் ஒப்படர்த்தி 1.025 அளவில். எலும்புக்கூடு கட்டக் கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 அளவில், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச். இந்த எண்களை எட்டிப்பிடிப்பதைவிட ஆட்டாமல் வைத்திருப்பதுதான் முக்கியம். ஒரே நாளில் காரத்தன்மை ஏறி இறங்கினால் சதை சுருங்கிவிடும். உப்புக் கலக்க எதிர்ச்சவ்வூடுபரவல் முறையில் வடித்த நீர் தேவை. யாழ்ப்பாணக் கிணற்று நீர் இதற்கு உதவாது. சுண்ணாம்பும் கூட, தோட்டப் பசளையால் நைத்திரேற்றும் கூட.

சூடு பெரிய எதிரி. பொலிப்பின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியில் உணவு செய்து கொடுக்கிறது. சூடு மிஞ்சினால் பாசி வெளியேற, முருகை வெளிறும். 1998இல் கற்பிட்டிக்கு அப்பால் பார் பவளப்பாறைத் தொடரில் பெருமளவு முருகை இறந்தது இப்படித்தான். தொட்டியிலும் அதே கதை, ஆனால் வேகமாக.

ஒளி நடுத்தரம் போதும். கீழ்த்தட்டில் வைத்துப் பழக்குங்கள். நீரோட்டம் நேராக அடித்தால் சதை எலும்பில் உரசிக் கிழியும். வாரத்தில் ஒன்றிரண்டு தரம் சிறு இறால் துண்டு கொடுக்கலாம், பம்பை நிறுத்திவிட்டு. கூடக் கொடுத்தால் நீர்தான் கெடும்.

அயலையும் கவனியுங்கள். இரவில் சில முருகைகள் நீளமான கொட்டும் கொம்புகளை நீட்டி அடுத்ததை எரித்துவிடும். கலக்சியா இனத்துக்கு 20 சென்ரிமீற்றர் இடைவெளி கூடப் போதாமல் போகலாம். கபில நிறக் கூழ் போல ஏதாவது சதையில் கண்டால் அன்றே அந்தத் துண்டைப் பிரித்தெடுங்கள். அடுத்த யூஃபிலியாவுக்கு வேகமாகப் பரவும். எடுக்கும்போது எலும்பில் பிடியுங்கள், சதையில் அல்ல.

மின்சாரம் போனால் பம்பு நின்று சில மணித்தியாலத்தில் ஒட்சிசன் குறையும். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.