44, 40, 8



கணினி வலைப்பின்னலில் ரௌட்டர் என்னும் வழிகாட்டிப் பொறி பழுதுற்றால், அதனை நிறுத்தி மீண்டும் இயக்குவதே முதற் பரிகாரம் என்பர். அப்பரிகாரம் பயன்படாது போன நாள் 1980 அக்டோபர் 27.

அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலைப்பின்னலில், இன்றைய ரௌட்டர்களுக்கு முன்னோடியான ‘இம்ப்’ பொறிகள் தத்தம் நிலையை ஒன்றுக்கொன்று அறிவித்து வந்தன. எவ்வறிவிப்பு புதியது என்பதை 0 முதல் 63 வரை சுழன்று வரும் வரிசை எண் காட்டும். 50ஆம் பொறியின் அறிவிப்பொன்று, பழுதுற்ற அண்டைப் பொறியில் சிதைந்தது. இரும முறையில் 101100, அதாவது 44. அதில் ஒரு 1 உதிர, 40 ஆயிற்று. இன்னொன்றும் உதிர, 8 ஆயிற்று. மூன்றும் ஒருங்கே உலவலாயின.

கணக்கில் விருப்பமுடையோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். எண்கள் வட்டமாகச் சுழல்வதால், பொறிகளின் விதிப்படி 8ஐவிட 40 புதிது. 40ஐவிட 44 புதிது. 44ஐவிடவோ 8 புதிது! கணக்காசிரியனாயிருந்த நான் இத்துணை அழகிய விபரீதத்தை வேறெங்கும் கண்டதில்லை. வந்ததையெல்லாம் புதிதென்றே ஏற்று, ஒவ்வொரு பொறியும் அண்டைக்கு அனுப்பிற்று. அதற்கே பொழுது போதவில்லை. மக்களின் செய்திகள் பல மணி நேரம் முடங்கின.

ஒரு பொறியை நிறுத்தி இயக்கினால், அண்டைப் பொறி அவ்வெண்களையே மீண்டும் ஊட்டிவிடும். ஆதலின் பராமரிப்பாளர்கள், 50ஆம் பொறியின் அறிவிப்புகளைப் புறக்கணிக்குமாறு எல்லாப் பொறிகளின் நிரலையும் திருத்தினர். சுழற்சி ஓய்ந்தது.

இதனை எரிக் ரோசன் 1981இல் விரிவாக எழுதினார். கம்பிவழிச் செல்கையில் சரிபார்க்கப்பட்ட அறிவிப்புக்கு, நினைவகத்தில் தங்கியிருக்கையில் அக்காவல் இருக்கவில்லை.