நீதிமன்றத் தமிழும் கரிசல் நிலத்து வழக்கும்

கரிசற் காட்டில் ஒரு வரப்பைப் பற்றி வழக்கெழுந்தால், அதற்குச் சான்றாகும் பட்டாவும் கிரயப் பத்திரமும் பெரும்பாலும் தமிழிலேயே அமைவன. சாட்சியரும் தமிழிலேயே கூறுவர். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்கு 1976இல் வந்த திருத்தம், கோவில்பட்டி போன்ற ஊர்களின் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தது. அவ்வழக்கே மேல்முறையீடாகி, 2004இல் தொடங்கப்பெற்ற மதுரைக் கிளையை அடையுங்கால் ஆங்கில வழக்காகி விடுவதைக் காண்கின்றோம்.

முன்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன, சட்டச் சொற்கள் தமிழில் இல்லை என்பன மாற்றத்தை விரும்பாத வழக்கறிஞர் கூறும் தடைகள். முதலாவது புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும், முன்சீபாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். ஆகவே குறை மொழியின்பாலதன்று; அம்முயற்சி தொழில்நெறியாகத் தொடராமையே குறை எனத் துணிகின்றோம்.

குடியரசுத் தலைவரின் இசைவுடன் மாநில மொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் ஏற்க அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு இடந்தருகின்றது. இராசத்தான் 1950இலும் உத்தரப் பிரதேசம் 1969இலும் இந்திக்கு இவ்விசைவைப் பெற்றன. தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும், 2012இல் உச்ச நீதிமன்றம் அதற்கு உடன்படவில்லை. தன் நிலத்தின் முடிவை வழக்காடியவர் தாமே படித்தறியும் நிலை வரும்வரை, 1862இல் தொடங்கிய பணி முற்றுப்பெற்றதாகக் கொள்ளல் இயலாது.