விருட்சாசனம்

ஒற்றைக் காலில் நிற்கும் யோகாசனம்; கெரண்ட சம்ஹிதை என்ற யோக நூல் கூறும் 32 ஆசனங்களுள் ஒன்று. ஒரு பாதத்தை மறுகாலின் உள்தொடையில் பதித்து, கைகளைத் தலைக்குமேல் கூப்பி நிற்க வேண்டும். பாதம் அவ்வளவு உயரம் ஏறாவிட்டால் கெண்டைக்காலில் வைக்கலாம். முழங்கால் மூட்டில் மட்டும் அழுத்தக் கூடாது.

பார்ப்பதற்கு அசைவில்லை, ஆனால் ஊன்றிய பாதம் சும்மா இருப்பதில்லை. கட்டைவிரல் தரையைக் கவ்வும், கணுக்கால் இடமும் வலமும் ஓயாமல் திருத்திக்கொள்ளும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்தால் உடல் சாயும். வலுப்பெறுபவை இந்தத் தசைகளே. பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தினால் தள்ளாட்டம் குறையும். கண்ணை மூடினால் தேர்ந்தவருக்கும் சிரமம்தான். முதியவர்கள் சுவரோரம் பயில்வது நல்லது.

மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு சிற்பத்தில், விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கிறார் தவசி ஒருவர். கீழே ஒரு பூனையும் அவரைப் போலவே கைதூக்கி நிற்கிறது.