மீட்டர் இல்லாத காலத்து ஓம்

பாலிடெக்னிக் மின்னியல் ஆய்வகத்துக்குள் வந்ததும் பையன்கள் செய்யும் முதல் சோதனைகளில் ஒன்று ஓம் விதி. ரியோஸ்டாட்டை நகர்த்தி, வோல்ட்மீட்டரையும் அம்மீட்டரையும் பார்த்து எழுதி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மின்தடை; பெருக்கினால் திறன். "இவ்வளவுதானா சார்?" என்பார்கள். ஓமிடம் இந்த இரண்டு மீட்டரும் கிடையாது என்று அப்போதுதான் நான் ஆரம்பிப்பேன்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்தவர். அப்பா பூட்டுத் தொழிலாளி. 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தார்.

1825இல் வோல்டா அடுக்கு என்ற அந்தக் காலத்து பேட்டரியை வைத்துத்தான் தொடங்கினார். சுற்றை மூடியதும் மின்னோட்டம் எகிறும், பிறகு இறங்கிக்கொண்டே போகும். எந்த ரீடிங்கை நம்புவது? பெர்லினில் ஆய்விதழ் நடத்திய போகெண்டார்ஃப், சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தச் சொன்னார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் ஓம் வைத்தார். கொதிநிலையும் உருகுநிலையும் மாறாதவை. அதனால் அந்த வெப்பநிலை வித்தியாசத்தில் பிறந்த மின்னழுத்தமும் நிலையாக நின்றது.

மின்னோட்டத்தை அளந்தது இன்னும் அழகு. கம்பிக்கு மேலே ஒரு காந்த ஊசியைத் தங்க இழையில் தொங்கவிட்டார். மின்சாரம் பாய்ந்ததும் ஊசி விலகும். இழையின் மேல்நுனியை முறுக்கி, ஊசியைப் பழைய இடத்துக்கே திருப்புவார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்ததோ, அதுதான் மின்னோட்டத்தின் அளவு. தடிமன் ஒன்றாகவும் நீளம் வேறாகவும் உள்ள 8 செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றிப் போட்டார்: மிகக் குட்டையானது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். கம்பியின் நீளத்தோடு ஒரு மாறா எண்ணைக் கூட்டி, அந்தத் தொகையால் இன்னொரு மாறா எண்ணை வகுத்தால் ரீடிங் அப்படியே வந்தது. கூட்டிய எண் சுற்றின் மற்றப் பகுதிகளின் தடை. வகுபட்ட எண் மின்னழுத்தம்.

1827இல் இதைப் புத்தகமாக்கினார். சொந்த நாட்டில் பெரிய வரவேற்பில்லை. லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது 1841இல்தான். அதே காலத்தில், மான்செஸ்டர் அருகே பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளையான ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். அதோடு ஓம் விதியைச் சேர்த்தால், திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய பலன் என்று வந்துவிடுகிறது. 1881இல் பாரிஸ் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் அலகுகளாக ஏற்றது. வாட் ஏற்கப்பட்டது 1889இல்.

இதெல்லாம் சொன்ன பிறகு பையன்களிடம் ஒரு குண்டு பல்பைக் கொடுப்பேன். 230 வோல்ட், 60 வாட். கணக்குப்படி மின்னோட்டம் 0.26 ஆம்பியர், தடை ஏறக்குறைய 880 ஓம். எரியாத பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சூத்திரம் பொய் என்று குதிப்பார்கள். சூத்திரம் சரிதான், எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கு மேல் சூடேறி, தடை பல மடங்காகிவிடுகிறது. வைவாவில் ஓம் விதியைச் சொல்லும்போது "வெப்பநிலை மாறாதிருக்கும்போது" என்பதை விழுங்குகிறவனுக்கு நான் மார்க் குறைப்பது அதனால்தான்.