அக்காரவடிசில்

பச்சரிசியைப் பாலிலேயே குழைய வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துச் செய்யும் இனிப்புச் சோறு. அக்கார அடிசில், அக்காரவடிசல் என்றும் வழங்கும். தண்ணீரில் வேகும் சர்க்கரைப் பொங்கலிலிருந்து பாலாலும், வைணவ இல்லங்களில் திருக்கண்ணமுது எனப்படும் பாயசத்திலிருந்து இறுக்கத்தாலும் வேறுபடுவது. தமிழக வைணவக் கோயில்களின் மடப்பள்ளியிலும் ஐயங்கார் இல்லத் தளிகையிலும் இதற்குத் தனி இடம் உண்டு.

தொன்மை: பாலில் இட்டவையும் பாகில் கலந்தவையுமான உணவுகளைப் புறநானூறு குறிப்பிடுகிறது. அவை இதற்கு முன்னோடியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆண்டாள்: இவ்வுணவின் வரலாற்றில் ஒளி மிகுந்த பகுதி ஆண்டாளின் பாசுரங்களே. அவர் காலத்தை எட்டாம் நூற்றாண்டு என்பாரும் ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில் திருமாலிருஞ்சோலை (அழகர்கோயில்) அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா நிறைந்த அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறார். அடுத்த பாசுரத்தில், பெருமான் இன்றே வந்து இத்தனையும் அமுது செய்தால் ஒன்றுக்கு நூறாயிரமாகத் தருவேன், ஆட்செய்யவும் செய்வேன் என்று நேர்ச்சையை மேலும் பெருக்குகிறார். தடா என்பது பெரிய பானை. அதன் கொள்ளளவு பற்றி ஒருமித்த கருத்து இல்லை.

திருப்பாவையின் 27-ஆம் பாசுரமும் இவ்வுணவோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆனால் அங்கே வருவது பாற்சோறு. அக்காரவடிசில் என்ற பெயர் இல்லை. இரண்டும் ஒன்று என்பது வழக்கில் நிலைத்த கொள்கை. பாவை நோன்பின் தொடக்கத்தில், இரண்டாம் பாசுரத்தில், நெய்யும் பாலும் வேண்டாம் என்று விலக்கிய அதே பெண்கள், இங்கே சோறு மறைய நெய் வார்த்து, அது முழங்கை வழியே வழியக் கூடி உண்ண விரும்புகிறார்கள். விலக்கிய இரண்டுமே ஒரே உணவில் திரும்பி வருவது கவனிக்கத்தக்கது. மார்கழி 27-ஆம் நாளான கூடாரவல்லியன்று (பெரும்பாலும் ஜனவரி 11) அக்காரவடிசில் செய்வது இதனால்தான்.

இராமானுசர்: ஆண்டாள் வாயால் நேர்ந்ததைப் பொருளாகச் செலுத்தியவர் இராமானுசர் (மரபுப்படி 1017–1137). திருமாலிருஞ்சோலையில் நூறு தடாவையும் சமர்ப்பித்துவிட்டு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்ததாக வைணவ மரபு கூறும். கோயில் அண்ணன் என்ற பெயர் அவருக்கு வந்தது இவ்வாறே என்பர். காலக் கணக்கில் தங்கையே அண்ணனுக்குச் சில நூற்றாண்டுகள் மூத்தவர். மரபு இதை முரணாகக் கொள்ளவில்லை. ஆண்டாளை அவருக்குப் பின்பிறந்தவராகவே வாழ்த்திப் பாடுகிறது.

இடைக்காலம்: கோயில் கல்வெட்டுகள் திருவமுதுக்கான அரிசி, நெய், சர்க்கரை முதலியவற்றை நாழி, உரி, உழக்கு என அளந்து பதிந்திருந்தாலும், வீடுகளில் என்ன அளவு புழங்கியது என்பது அவற்றில் இல்லை.

வீட்டுச் செய்முறை: ஒரு பங்கு பச்சரிசிக்கு எட்டுப் பங்கு பால், இரண்டு பங்கு வெல்லம் என்பது பரவலான கணக்கு. நெய் அரைப் பங்குக்குக் குறைவதில்லை. பாசிப்பருப்பு ஒரு பிடி சேர்ப்பதா கூடாதா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். சேர்ப்பவர்கள் அதை வாசனை வர வறுத்துக்கொள்வார்கள். அடிகனத்த வெண்கலப் பானையில் பால் பொங்கியதும் களைந்த அரிசியை இட்டு, சிறுதீயில் அடிப்பிடிக்காமல் கிளற வேண்டும். பாலில் அரிசி தண்ணீரில் வேகும் வேகத்தில் வேகாது. பால் சுண்டச் சுண்ட நிறம் வெண்மையிலிருந்து தந்த நிறத்துக்கு மாறும். ஓரங்களில் படியும் ஆடையை வழித்து உள்ளேயே சேர்க்க வேண்டும். விரலிடையில் வைத்து அழுத்தினால் பருக்கை மசிய வேண்டும். அதற்கு முன் வெல்லத்தைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அரிசி மேற்கொண்டு வேகாது. பால் தளதளவென்று கொதிக்கையில் பாகை ஊற்றினால், வெல்லத்தின் புளிப்பால் திரிந்துபோகவும் கூடும். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சி, அடுப்பைத் தணித்த பிறகே கலப்பது கைபழகியவர்களின் முறை. பிறகு நெய்யைச் சிறிது சிறிதாக, சோறு ஏற்கும் அளவுக்கு ஊற்றிக் கிளறுவார்கள். நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலப்பொடி, பாலில் ஊறிய குங்குமப்பூ ஆகியவை கடைசியில் சேரும். பச்சைக் கற்பூரம் மிளகளவுகூட வேண்டாம், மிகுந்தால் கசக்கும். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிய பின்னரே பரிமாறுவர்.

அண்மைக்காலம்: பிரஷர் குக்கர் வந்தபின் கிளறும் நேரம் வெகுவாகக் குறைந்தது. சுண்டிய பாலுக்கு ஈடாக டின்னில் வரும் கண்டென்ஸ்டு மில்க் சேர்ப்பதும் உண்டு. அது ஏற்கெனவே இனிப்பானது என்பதால் வெல்லத்தைக் குறைத்துக்கொள்வர். அழகர்கோயில் உள்ளிட்ட வைணவத் தலங்களில் கூடாரவல்லியன்று நூறு தடா சமர்ப்பிக்கும் வழக்கம் தொடர்கிறது.