வம்சாவளியும் வர்க்கமும்: ஜேம்ஸ் டெயிலரை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கைத் தேயிலைத் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியரிடமிருந்தே தொடங்குவர். இத்தீவின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தை உருவாக்கியவர் அவர். கொழுந்தை உருட்டி அரைக்கும் இயந்திரமொன்றைத் தாமே அமைத்துக்கொண்ட விக்டோரியா காலக் கண்டுபிடிப்பாளரும் அவரே. அவரது குடும்ப வரலாறு எவ்வாறு நமக்குக் கிடைக்கின்றது, அவரிடம் உழைத்தோரின் குடும்ப வரலாறு ஏன் கிடைக்கவில்லை, அந்த இன்மை பின்னர் என்ன விளைவைத் தந்தது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டெயிலர் 1835 மார்ச் 29ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் கின்காடின் பிரதேசத்தில், ஓகன்பிளே என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள மொஸ்பார்க் குடிசையிற் பிறந்தார். தந்தையார் மைக்கல் டெயிலர் வண்டிச்சக்கரம் செய்யும் தச்சர். தாயார் மார்கிரட் மொயர், மகனுக்கு ஒன்பது வயதாயிருக்கையில் இறந்துபோனார். 1852இல், பதினேழு வயதும் நிரம்பாத நிலையில், டெயிலர் இலங்கைக்கு வந்தார். ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் நாற்பதாண்டுகள் வாழ்ந்தார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்தின் தேசிய நூலகத்திற் பேணப்பட்டுள்ளன. ஏழைத் தச்சரின் மகனாயினும், தேவாலயப் பதிவேடும் பள்ளிக்கூடமும் தபாலும் அவருக்கு ஒரு குடும்ப வரலாற்றை வழங்கிவிட்டன.

1867இல் அவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்திற் பங்களாவின் விறாந்தையே ஆலையாக இருந்தது. மேசைமீது பரப்பிய கொழுந்தைத் தொழிலாளர் மணிக்கட்டு முதல் முழங்கைவரை அழுத்தி உருட்டினர். களிமண் அடுப்பிற் கரிநெருப்பின் மேல் கம்பித்தட்டுகளில் வைத்து உலர்த்தினர். 1872இல் ஆலை முழுமை பெற்றது. அங்கு டெயிலர் அமைத்த அரைக்கும் இயந்திரம் நீர்ச்சக்கரத்தால் இயங்கியது. சக்கரம் செய்தவரின் மகன் இவ்வியந்திரத்தை அமைத்தமையில் குலத்தொழிலின் கைத்திறன் தொடர்ந்திருக்கக் காணலாம். ஆயினும், அக்கைத்திறன் கண்டுபிடிப்பாக மாறியமைக்குக் காரணம் குருதியன்று; நிலமும் மூலதனமும், நூற்றுக்கணக்கான கைகள் செய்துகாட்டிய அசைவுகளுமே. தொழிலாளியின் கையசைவை இரும்புக்கு மாற்றியதே அரைக்கும் இயந்திரம் எனலாம்.

1873இல் லூல்கந்துரவிலிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1869இல் இனங்காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், தேயிலை மலையகமெங்கும் பரவியது. புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 1880இல் ஏறத்தாழ 81 தொன்னாக இருந்த ஏற்றுமதி 1890இல் 22,900 தொன்னளவுக்கு உயர்ந்தது. இவ்வளர்ச்சிக்குக் கைகொடுத்தவை டெயிலரின் தனி இயந்திரத்தைப் போன்றவையல்ல. அசாமிற் பணியாற்றிய வில்லியம் ஜாக்சன் வடிவமைத்து, இங்கிலாந்தின் கேன்ஸ்பரோ நகர மார்ஷல் கம்பனி வார்த்த அரைப்பான்களும், கச்சாரிலிருந்து பெல்பாஸ்டுக்கு மீண்ட சாமுவெல் டேவிட்சனின் 'சிறொக்கோ' உலர்த்திகளும் போன்ற ஆலைத் தயாரிப்புகளே பெருந்தோட்டங்களுக்கு உரியனவாயின. தனிமனிதக் கைத்திறனின் காலம் முடிந்து கம்பனி மூலதனத்தின் காலம் தொடங்கிவிட்டது. டெயிலரும் அம்மூலதனத்தின் ஊழியரே. 1892இல் தோட்ட உரிமையாளர் அவரைப் பதவியினின்று நீக்கினர். அவ்வாண்டு மே 2ஆம் நாள் அவர் இறந்தார். அவரைச் 'சாமித்துரை' என்றழைத்த தொழிலாளர், இரு குழுக்களாக முறைமாறி அவருடலைச் சுமந்து கண்டிக்குக் கொணர்ந்தனர். மஹையாவ மயானத்துக் கல்லில் அவர் பெயர் இருக்கின்றது. சுமந்தவர் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை.

இது வெறும் இரங்கற்பொருளன்று. பொருளாதார அடிப்படை உடையது. கோப்பி பருவகாலப் பயிர். அக்காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் ஆண்கள். அறுவடை முடிய மாத்தளை வழியே தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு மீண்டனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆலையில் இயந்திரம் கைகளின் வேலையை ஏற்றபோதும் மலையிற் கொழுந்து பறிக்கும் கை ஓயவில்லை. இயந்திரம் விரைந்து அரைக்க அரைக்க அதற்கு ஊட்டவேண்டிய கொழுந்தின் அளவும் கூடியது. ஆதலின் பெண்களும் சிறுவரும் அடங்கிய குடும்பங்களே வேண்டப்பட்டன. லயன் காம்பராக்களிற் குடும்பம் நிலைபெற்றது தேயிலையின் தேவையினாலேயாம்.

ஆனால் அக்குடும்பத்தைத் தோட்ட நிருவாகம் எவ்வாறு பதிந்தது? செக்றோலில் ஒரு பெயரும் அன்றைய வேலையும். துண்டில் கங்காணிக்குரிய கடன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்திற் கட்டிய தகர டிக்கட்டில் ஓர் இலக்கம். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கூலிக்கும் கடனுக்கும் வேண்டிய அளவே தொழிலாளி எழுத்தில் இடம்பெற்றான். அவன் எவர் மகன், எங்குப் பிறந்தான் என்பது மூலதனத்துக்கு வேண்டாத செய்தி.

வேண்டாத அச்செய்தியையே 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். 1948இல் நாற்பது வயதான தொழிலாளியின் பாட்டனும் பூட்டனும் கோப்பிக் காலத்தவர். குடும்பம் ஊரிலிருக்கத் தனியே வந்து மீண்டவர்கள். தந்தையோ, தோட்டத்திற் பிறந்திருப்பினும், அதற்கான எழுத்துச் சான்று அரிதான காலத்தவர். கொழுந்து பறித்த தாயின் பிறப்பு இச்சட்டத்தில் கணக்கிலேயே இல்லை. பெண்ணுழைப்பின்மேல் எழுந்த தொழிலில் ஆண்வழி மட்டுமே வம்சமாயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டபோதும், பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கு வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியது. பூட்டனின் பிறப்பைக் கேட்பதை விடுத்து வாழ்வையே சான்றாகக் கொண்டமை இதன் சிறப்பு. எனினும் ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட இழப்பை அது ஈடுசெய்யவில்லை.

கண்டுபிடிப்பாளரின் குடும்ப வரலாற்றைத் தேடுவது தவறன்று. டெயிலரின் வாழ்வும் ஓர் உழைப்பாளி வீட்டிலிருந்தே தொடங்குகின்றது. ஆனால் அதே முயற்சி லயங்களிலும் நிகழவேண்டும். மிஞ்சியுள்ள செக்றோல்கள், ஆலயப் பதிவுகள், பிரசாவுரிமை விண்ணப்பங்கள், ஒப்பாரிகளிலும் தாலாட்டுகளிலும் வழங்கும் உறவுப்பெயர்கள், பெண்கள் நினைவிற் காக்கும் வழிமுறைகள் ஆகியன அதற்குரிய சான்றுகளாம். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தமை இவ்வகையிற் பெறுமதி மிக்கது. முதியோர் மறைவதற்கு முன்னர் இப்பணியை மேற்கொள்வது நமது பல்கலைக்கழகங்களின் கடமையாகும்.